அரங்கு வீட்டு இருட்டு

எங்கள் ஆச்சி வீட்டில் ஓர் அறைக்கு ஜன்னலே கிடையாது. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெருவிலிருந்து ஏறினால் திண்ணை, அப்புறம் மரஅழி போட்ட தார்சா, அதைத் தாண்டினால் பட்டாசல் என்கிற கூடம். பட்டாசலின் ஒரு மூலையில், தலையைக் குனிந்து நுழைய வேண்டிய சின்னக் கதவு ஒன்று இருக்கும். அதற்குள் இருப்பதுதான் அரங்கு. நெல், புளி, கருப்பட்டி, விசேஷத்துக்கு மட்டும் வெளியே வருகிற அண்டாக்கள், பத்திரங்கள் வைத்த டிரங்குப் பெட்டி எல்லாம் அங்கேதான். பகல் பன்னிரண்டு மணிக்கும் உள்ளே ராத்திரிதான்.

பட்டாசலில் பல்பு வந்து வெகுகாலம் ஆகியும் அரங்குக்குக் கரண்ட் இழுக்கவில்லை. நெல்லுக்கு எதுக்கு லைட்டு என்பது ஆச்சியின் கட்சி. சிம்னி விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடப் போவது என் வேலை. "ஏட்டி, வெளக்கக் கீழ புடி. மூஞ்சிக்கு நேரா புடிச்சா எனக்கு என்ன தெரியும்?" என்பாள். கீழே பிடித்தால் ஆச்சியின் நிழல் குதிருக்கு மேலே ஏறி, சுவரில் வளர்ந்து, உத்தரத்தில் மடங்கி, கூரைக்குப் போய்விடும். குனிந்து நெல் அள்ளுகிற ஆச்சி ஐந்தடி கூட இல்லை. மேலே இருப்பவளுக்கு அளவே கிடையாது. ஆச்சி கையை நீட்டினால் அவள் கை அறையின் அடுத்த மூலையைத் தொடும். நான் ஆச்சியைப் பார்க்க மாட்டேன். மேலே இருப்பவளைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சினிமாக் கொட்டகைக்கும் அரங்கு என்று பெயர் உண்டு என்பது பின்னால் தெரிந்தபோது, அது எனக்குச் சரியாகவே பட்டது.

அறுபது வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் பேய்வீட்டுப் படங்களை இன்றைக்கும் ஆட்கள் தேடிப் பார்க்கிறார்கள். அவற்றில் ரத்தம் கிடையாது. பேய் முகத்தைக் காட்டுவதும் அபூர்வம். கதை மெதுவாக நகரும். ஒரு பெண் மாடிப்படி ஏறுவதற்கே இரண்டு நிமிஷம் ஆகும். இருந்தும் அவை பழசாகவில்லை. இந்தப் படங்கள் நம்மிடமிருந்து எதையோ மறைக்கின்றன, மறைத்திருப்பது அந்த வீட்டுக்குள் யாருக்கோ நடந்த ஓர் அநியாயம் என்பதுதான் அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். மறைப்பதற்குக் கறுப்பு வெள்ளை தோதாக இருந்தது. அநியாயத்துக்கு வீடு தோதாக இருந்தது.

நான் முதலில் பார்த்தது 'நெஞ்சம் மறப்பதில்லை'. எண்பதுகளின் கடைசியில், தெருவில் ஒரு வீட்டில் மட்டும் டிவி இருந்த காலம். மட்டப்பாவில் தென்னை உயரத்துக்கு ஆன்டெனா நட்டிருந்தார்கள். காற்றடித்தால் ஒருவர் மேலே ஏறித் திருப்ப வேண்டும், கீழேயிருந்து இன்னொருவர் "தெரியுது, தெரியுது, போச்சு" என்று கத்த வேண்டும். அந்த டிவியில் எல்லாப் படமுமே கறுப்பு வெள்ளைதான் என்பதால், இது கறுப்பு வெள்ளைப் படம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நண்பனின் ஊருக்கு வருகிறவன், அங்கே பாழடைந்து கிடக்கிற ஒரு பங்களா, அதற்குள் போனதும் அவனுக்குப் போன பிறவி நினைவுக்கு வருவது, ஏழைப் பெண்ணைக் காதலித்த ஜமீன் மகன், அதைப் பொறுக்காத தகப்பனாக நம்பியார். கதை இவ்வளவுதான். ஸ்ரீதர் 1963இல் எடுத்தது. கேமரா ஏ. வின்சென்ட். படம் முடிந்ததும் நான் நேரே வீட்டுக்கு வந்து அரங்குக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். படத்தில் வந்தது ஜமீன் பங்களா. பயந்தது எங்கள் வீட்டு அரங்குக்கு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடுத்த வருஷமே, 1964இல், அதே ஸ்ரீதரும் வின்சென்ட்டும் 'காதலிக்க நேரமில்லை' எடுத்தார்கள். அது ஈஸ்ட்மென் கலர். கடற்கரையும் காரும் பாட்டுமாகக் கலரில் ஜொலித்தது. வின்சென்ட்டுக்குக் கலரும் கைவந்த வித்தைதான். ஆனாலும் அதே 1964இல் அவர் மலையாளத்தில் முதன்முதலாக ஒரு படத்தை இயக்க உட்கார்ந்தபோது, எடுத்துக்கொண்டது ஒரு பேய்வீட்டுக் கதையை, எடுத்தது கறுப்பு வெள்ளையில். அந்தப் படத்துக்கு அப்புறம் வருகிறேன்.

கறுப்பு வெள்ளையில் ஏன் பயம் கூடுகிறது? இதற்கு அழகியல் விளக்கங்கள் நிறையச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது கண் டாக்டர்கள் சொல்கிற விளக்கம். விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. கூம்புச் செல்கள் ஏறத்தாழ 60 லட்சம், கோல் செல்கள் ஏறத்தாழ 12 கோடி. நிறத்தைக் காட்டுவது கூம்புகள். நல்ல வெளிச்சம் இருந்தால்தான் அவை வேலை செய்யும். வெளிச்சம் குறைந்தால் அவை ஓய்ந்துவிடும், கோல்கள் பொறுப்பேற்கும். கோல்களுக்கு நிறம் தெரியாது, வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். அந்தி மங்குகிற நேரத்தில் புறவாசல் செம்பருத்தியைப் பாருங்கள். இலை இன்னும் வெளிறித் தெரியும்போதே பூ கறுத்துப் போயிருக்கும். சிவப்பைக் கோல்களால் அனேகமாகப் பார்க்கவே முடியாது. ஆக, ராத்திரி என்பதே நமக்குக் கறுப்பு வெள்ளைதான். கலர்ப் படத்தில் காட்டுகிற ராத்திரி, லைட் போட்டு நீலம் பூசிய ராத்திரி. கறுப்பு வெள்ளைப் படத்தில் வருவது நம் கண்ணே பார்க்கிற ராத்திரி.

இன்னொன்றும் உண்டு, அது இதைவிட ருசியானது. விழித்திரையின் நட்டநடுவில், நாம் எதையாவது உற்றுப் பார்க்கிறபோது பயன்படுகிற அந்தச் சின்னப் புள்ளியில், கோல் செல்களே கிடையாது. அதனால் இருட்டில் மங்கலாக நிற்கிற ஒன்று ஓரக்கண்ணுக்குத் தெரியும், நேரே திரும்பிப் பார்த்தால் மறைந்துவிடும். நட்சத்திரம் பார்க்கிறவர்கள் மங்கலான நட்சத்திரத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்பது இதனால்தான். "புளியமரத்தடியில ஒண்ணு நின்னுச்சு. உத்துப் பாத்தேன், காணோம்" என்று எங்கள் ஊரில் சொல்லாத ஆள் இல்லை. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கண் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இந்தச் சங்கதியைத் திரையிலேயே செய்து காட்டியவர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ். ஜாக் கிளேட்டன் இயக்கி 1961இல் வந்த 'தி இன்னசன்ட்ஸ்' படத்தின் ஒளிப்பதிவாளர். ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய கதை. பெரிய மாளிகை, இரண்டு குழந்தைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வருகிற டீச்சரம்மாவாக டெபோரா கெர். படத்தை அகலத் திரைக்குத்தான் எடுக்க வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஒரு பெண்ணின் மனசுக்குள் நடக்கிற கதைக்கு அவ்வளவு அகலம் வேண்டாத செலவு. ஃபிரான்சிஸ் என்ன செய்தார் என்றால், கண்ணாடி ஃபில்டர்களில் கையாலேயே வண்ணம் தீட்டி, லென்சுக்கு முன்னால் வைத்து, படச்சட்டத்தின் இடது வலது ஓரங்களை இருட்டாக்கினார். நடுவில் மெழுகுவர்த்தியோடு அவள் நிற்கிறாள், இரண்டு பக்கமும் இருட்டு கட்டி நிற்கிறது. நம் பார்வை அவள் முகத்தில் நிற்காமல் ஓரத்துக்கே போய்ப் போய்த் திரும்புகிறது. அங்கே ஒன்றும் இல்லை. இருந்தும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

அந்தப் படத்தில் என்னை மிகவும் பயமுறுத்திய காட்சியில் இருட்டே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டப்பகல். ஏரிக்கு அக்கரையில், நாணல்களுக்கு நடுவே, கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்கிறாள். தூரத்தில், அசையாமல். அவ்வளவுதான். கத்தவில்லை, பறக்கவில்லை. தாமிரபரணியில் ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் தனியாகக் குளித்தவர்களுக்கு அந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை. உச்சிப்பொழுதில் ஆற்றுக்குப் போகாதே என்று வீட்டில் சொன்னதற்குக் காரணம் வெயில் மட்டும் இல்லை.

இருட்டு மலிவானது என்பதும் இந்தப் படங்களின் சரித்திரத்தில் முக்கியமான விஷயம். 1942இல் அமெரிக்காவில் ஆர்.கே.ஓ. கம்பெனி, பெரிய படங்களில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் கொஞ்சம் பணம் கொடுத்து பயப்படம் எடுக்கச் சொன்னது. அரக்கனைக் காட்ட அவரிடம் காசு இல்லை. அதனால் காட்டாமலே எடுத்தார். அந்த வருஷம் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் நீச்சல்குளத்தில் தனியாக இருக்கிறாள். தண்ணீரின் வெளிச்சம் சுவரிலும் கூரையிலும் அலையடிக்கிறது, எங்கிருந்தோ ஓர் உறுமல் கேட்கிறது. வேறு எதுவும் திரையில் இல்லை. லூட்டனிடம் வேலை பார்த்து இதைக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் ராபர்ட் வைஸ்.

வைஸ் அப்புறம் மிகப் பெரிய ஆளாகிவிட்டார். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' 1961இல், 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' 1965இல். இரண்டும் கலர், இரண்டும் பாட்டுப் படம், இரண்டுக்கும் ஆஸ்கார். அந்த இரண்டுக்கும் நடுவில், கேட்டால் கலர் கிடைக்கும் என்ற நிலையில் இருந்தபோது, 1963இல் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்தது 'தி ஹாண்டிங்'. ஷெர்லி ஜாக்சனின் 1959ஆம் வருஷத்து நாவல்தான் கதை. பேய்வீட்டுப் படங்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

அதில் பேய் வரவே வராது. ஒரு தடவை கூட. வருவதெல்லாம் வீடுதான். வைஸ் பனாவிஷன் கம்பெனியிடமிருந்து ஒரு 30 எம்எம் லென்சைக் கேட்டு வாங்கினார். அது இன்னும் சரியாகவில்லை, கோடுகள் வளைகின்றன என்று அவர்கள் தயங்கினார்கள். குறையோடுதான் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வாங்கிப் போனார். அவருக்கு வேண்டியதே அந்த வளைவுதான். அந்த லென்ஸ் வழியாக நடைகள் உள்வாங்குகின்றன, சுவர்கள் லேசாகச் சாய்கின்றன. வீட்டின் வெளிப்புறத்தைச் சில இடங்களில் அகச்சிவப்பு ஃபிலிமில் எடுத்தார்கள். அந்த ஃபிலிமில் நீல வானம் கறுத்துவிடும். பகல் வெளிச்சம் சுவரில் இருக்கும், வானத்தில் இருக்காது.

அப்புறம் அந்தக் கதவு. நாலு பேர் ஓர் அறைக்குள் இருக்கிறார்கள். வெளியே ஏதோ ஒன்று இடித்துக்கொண்டு வருகிறது. சத்தம் நிற்கிறது. பெரிய, கனமான மரக்கதவு. மூச்சு இழுத்த நெஞ்சு போல அது உள்பக்கமாகப் புடைக்கிறது, பிறகு அமுங்குகிறது, மறுபடியும் புடைக்கிறது. கதவு திறக்கவில்லை. பல அடுக்கு மரத்தகடுகளை ஒட்டிச் செய்த கதவு அது, பின்னால் ஓர் ஆள் நின்று அழுத்தினார், அவ்வளவுதான் வித்தை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் எனக்குப் பயம் குறையவில்லை. ஐப்பசி மழையில் ஆச்சி வீட்டு அரங்குக் கதவு ஊறி நிலையைப் பிடித்துக்கொள்ளும். தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். தள்ளும்போது உள்ளேயிருந்தும் யாரோ தள்ளுவது போலவே இருக்கும்.

ஐரோப்பாவிலிருந்து நம் ஊர் வரைக்கும் இந்த நிழல் வந்து சேர்ந்த பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1920இல் ஜெர்மனியில் 'டாக்டர் கலிகாரி' படத்துக்குச் செட்டின் மேலேயே நிழல்களைப் பெயிண்டில் வரைந்தார்கள். 1922இல் முர்னாவின் 'நோஸ்ஃபெரட்டு' படத்தில் மாடிப்படி ஏறுவது ஆள் அல்ல, ஆளின் நிழல். அந்த நாட்டிலிருந்து ஜோசஃப் விர்ஷிங் என்ற கேமராக்காரர் பம்பாய் டாக்கீசுக்கு வேலைக்கு வந்தார். 1949இல் கமால் அம்ரோஹி இயக்கிய 'மஹல்' அவர் ஒளிப்பதிவு செய்தது. ஆற்றங்கரை மாளிகை, சுவரில் தன்னைப் போலவே இருக்கிற ஒருவனின் படத்தைக் கண்டு திகைக்கிற அசோக் குமார், ஊஞ்சலில் மதுபாலா. நம் பேய்வீட்டுப் படங்களுக்கெல்லாம் பெரியம்மா முறை அது.

'மஹல்' படத்தின் பாட்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பேய்கள் பாடும், மேற்கத்திப் பேய்கள் பாடுவது குறைவு. தூரத்திலிருந்து கிட்டே வருகிற குரல் வேண்டும். அன்றைக்கு அதற்கு மெஷின் கிடையாது. மைக்கை நடுவில் வைத்துவிட்டு, லதா மங்கேஷ்கர் அறையின் மூலையிலிருந்து பாடிக்கொண்டே மைக்கை நோக்கி நடந்து வந்தார். நாம் காதால் கேட்பது அந்த நடையைத்தான். நம் 'யார் நீ?' படத்தில் சுசீலா பாடிய 'நானே வருவேன்' இந்த வம்சத்தில் வந்தது. 1966இல் வந்த படம். ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்தது. இந்தியில் 1964இல் ராஜ் கோஸ்லா எடுத்த 'வோ கௌன் தீ?' படத்தின் தழுவல். வெள்ளைச் சேலையும் மழையும் அந்தக் குரலும் எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்களை என்ன பாடு படுத்தியது என்று அம்மா, பெரியம்மா எல்லாரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ராத்திரியில் அந்தப் பாட்டை யாரும் வீட்டில் முணுமுணுக்கக் கூடாது.

ஆனால் 'யார் நீ?' படத்தில் கடைசியில் பேயே இல்லை. சொத்துக்காக ஒருவனைப் பைத்தியமாக்க மனிதர்கள் போட்ட திட்டம். இந்த முடிவைக் கேட்டு ஏமாந்து போனவர்கள் உண்டு. எனக்கு ஏமாற்றமே இல்லை. பேய்வீட்டுக் கதைகளின் மர்மம் அங்கேதான் அவிழ்கிறது என்று நினைக்கிறேன். அவை எல்லாமே சொத்துக் கதைகள்.

எங்கள் தெருவிலும் ஒரு பேய்வீடு இருந்தது. பெரிய வீடு. முன்வாசல் பூட்டில் துரு ஏறியிருந்தது. தார்சா அழிக்குள் வௌவால் தொங்கியது. ராத்திரியில் கொலுசுச் சத்தம் கேட்கிறது என்றார்கள். மச்சில் விளக்கு எரிந்ததைப் பார்த்ததாக ஒருவர் சத்தியமே செய்தார். வளர்ந்த பிறகு விசாரித்தால், அது பாகப்பிரிவினை வழக்கு வீடு. அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் ஒரு சகோதரியும் இருந்திருக்கிறாள், கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்க முடியாமல் திரும்பி வந்தவள். அவளுக்கு இரண்டாங்கட்டில் ஒரு மூலை கொடுத்திருந்தார்கள். பங்கு கிடையாது. அவள் இறந்த பிறகுதான் கொலுசுச் சத்தம் என்ற பேச்சு ஆரம்பித்தது. நெல்லைச் சீமையில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேய் என்று ஆரம்பித்துப் பத்திரத்தில் முடியும்.

தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகன்களைப் போலப் பிறப்புரிமை உண்டு என்று சட்டத்தைத் திருத்தியது 1989இல். நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆயிற்று. அதற்கு முன்னால் எடுத்த படங்களில் வீட்டைவிட்டுப் போகாத ஆவிகளில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பாருங்கள். உயிரோடு இருந்தபோது அந்த வீட்டில் பங்கு இல்லாதவள், செத்த பிறகு வீடு முழுவதையும் எடுத்துக்கொள்கிறாள். சனங்களுக்கு அவள் மேல் பயமும் உண்டு, உள்ளுக்குள் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற நினைப்பும் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் அந்தப் படங்களை நிறுத்தாமல் பார்க்க வைக்கிறது.

'தி ஹாண்டிங்' படத்திலும் இதேதான். எலினார் என்ற அந்தப் பெண் வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்துக்கொண்டவள். தாய் போன பிறகு அக்கா வீட்டில் ஒண்டியிருக்கிறாள். படத்தின் ஆரம்பத்திலேயே அக்காவோடு சண்டை, காருக்காக. அதில் பாதி என் பணம் என்கிறாள் எலினார். கொடுக்க மாட்டோம் என்கிறார்கள். காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். ஒரு காரில் பாதிப் பங்கு தவிர உலகத்தில் எதுவும் இல்லாத பெண், தொண்ணூறு வருஷத்து மாளிகைக்குள் நுழைகிறாள். மற்றவர்கள் ஓடிவிடத் துடிக்கிற அந்த வீடு, தன்னைக் கூப்பிடுகிறது என்று அவளுக்குத் தோன்றுகிறது. ராத்திரி இருட்டில் பக்கத்துப் படுக்கைத் தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். கை வலிக்கிறது, கத்துகிறாள், வெளிச்சம் வருகிறது. தோழி அறையின் அந்தக் கோடியில் படுத்திருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்தது யார் கையை? பயங்கரமான இடம்தான். ஆனால் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் கையை யாரோ பிடித்திருக்கிறார்கள் என்பதையும் நான் நினைக்காமல் இருந்ததில்லை.

நெல்லைக்காரர்களுக்கு இந்தப் படங்கள் ஏன் இவ்வளவு கிட்டத்தில் வருகின்றன என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அநியாயமாகச் செத்தவர்களை அப்படியே விட்டுவிடுவதில்லை. பூடம் கட்டி, சாமியாக உட்கார வைத்துவிடுவோம். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனைக் கும்பிடுகிறார்களே, அவர் மாடு திருடர்களோடு சண்டையிட்டுச் செத்த முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டவர். இன்றைக்கும் அவருக்குச் செருப்புதான் காணிக்கை. இசக்கியம்மன், பிள்ளையை இடுப்பிலும் கோபத்தை முகத்திலும் வைத்துக்கொண்டு ஊர் எல்லையில் நிற்கிறாள். அவளுக்குத் தொட்டில் கட்டுவார்கள், சேலை சாத்துவார்கள். சுடலைமாடன் கோயில் திருவிழாவான கொடையன்று நடுச்சாமத்தில் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டு வேட்டைக்குப் போகும்போது தெருவில் ஒரு கதவு திறந்திருக்காது. கதவிடுக்கு வழியாகப் பந்தத்தின் வெளிச்சம் மட்டும் பட்டாசல் சுவரில் ஓடிப் போகும். நான் பார்த்த முதல் சினிமா அதுதான் என்று கூடச் சொல்லலாம்.

கொடையில் வில்லுப்பாட்டு உண்டு. வில்லின் நாணில் வீசுகோல் பட்டு மணிகள் ஒலிக்க, குடமும் உடுக்கையும் சேர, செத்தவருடைய கதையை முதலிலிருந்து பாடுவார்கள். எப்படிப் பிறந்தார், யார் ஏமாற்றினார், எங்கே வெட்டினார்கள், ஒன்றையும் விட மாட்டார்கள். ஊரே உட்கார்ந்து கேட்கும். வெட்டுப்படுகிற இடம் வரும்போது சாமி வந்து ஆடும், பிறகு அடங்கும். தன் கதையை ஒளிவு மறைவில்லாமல் சொல்லக் கேட்ட பிறகுதான் அடங்கும் என்பது கணக்கு.

பங்களாப் பேய்க்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அதற்குப் பூடமும் இல்லை, கொடையும் இல்லை, பாட யாரும் இல்லை. சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. வருகிறவனைப் பிடித்து உலுக்கித் தன் கதையைக் கேட்க வைக்கப் பார்க்கிறது. அதனால்தான் வின்சென்ட்டின் அந்த மலையாளப் படத்தை எங்கள் பக்கத்துக்காரர் படமாகவே நான் பார்க்கிறேன். 'பார்கவி நிலையம்'. வைக்கம் முகம்மது பஷீர் தன் சிறுகதையிலிருந்து தானே திரைக்கதை எழுதியது. ஓர் எழுத்தாளன் (மது நடித்தது) வாடகைக்கு ஒரு வீடு பிடிக்கிறான். வந்த பிறகுதான் தெரிகிறது, கிணற்றில் விழுந்து செத்த பார்கவி என்ற பெண்ணின் ஆவி இருக்கிற வீடு அது. அவன் ஓடவில்லை, மந்திரவாதியைக் கூப்பிடவும் இல்லை. அவளோடு பேசுகிறான். கண்ணுக்குத் தெரியாத ஒருத்தியிடம், பக்கத்துப் போர்ஷன்காரியிடம் பேசுகிற மரியாதையோடு, நானும் இங்கே இருந்துகொள்கிறேன் என்று கேட்டுக்கொள்கிறான். அப்புறம் அவள் கதையை எழுத ஆரம்பிக்கிறான். அவள் விழவில்லை, தள்ளப்பட்டாள் என்பது எழுத எழுத வெளியே வருகிறது.

செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். எங்கள் ஆட்களுக்கு மலையாளம் காதில் விழுந்து பழக்கம்தான். அந்தப் பக்கம் பெண் கொடுத்திருந்த என் பெரியம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதை மறக்க முடியாது: "வில்லு கட்டிப் பாடுத மாரில்லா அவன் எழுதுதான்." சினிமா பற்றி யாரும் அவளிடம் கட்டுரை கேட்கவில்லை. அவள் பார்த்ததைச் சொன்னாள்.

2023இல் அந்தக் கதையை 'நீலவெளிச்சம்' என்று கலரில் மறுபடியும் எடுத்தார்கள். பார்த்தேன். அழகாக இருந்தது. ஆனால் கலரில் அந்த வீட்டின் சுவர் என்ன நிறம் என்று தெரிந்துவிடுகிறது, அவள் சேலை என்ன ரகம் என்று தெரிந்துவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் அந்தச் சுவருக்கு நான் எங்கள் வீட்டுக் காரைச் சுவரின் நிறத்தைக் கொடுத்திருந்தேன், எனக்கே தெரியாமல். இப்போது பழைய படங்களுக்குக் கம்ப்யூட்டரில் கலர் ஏற்றி இணையத்தில் போடுகிறார்கள். பழைய காதல் பாட்டுக்குச் செய்யட்டும். பேய்வீட்டுக்குச் செய்யக் கூடாது. இருட்டுக்குக் கலர் கொடுத்தால் அது இருட்டாக இருக்காது, கறுப்புப் பெயிண்ட் அடித்த சுவராகிவிடும்.

இந்த மே மாசம் தங்கை பிள்ளைகள் வந்திருந்தார்கள். பெரியவனுக்குப் பதினைந்து வயசு, சின்னவளுக்குப் பதினொன்று. 'தி ஹாண்டிங்' போட்டேன். ஐந்து நிமிஷத்தில் பெரியவன் "ஒண்ணுமே தெரியல பெரியம்மா" என்று ரிமோட்டை எடுத்து வெளிச்சத்தைக் கூட்டினான். கூட்டினால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிட்டது. ரிமோட்டை வாங்கிப் பழையபடி குறைத்துவிட்டு, ட்யூப்லைட்டை அணைத்து, பட்டாசல் கதவையும் சாத்தினேன். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும் என்பார்கள். கிட்டத்தட்ட அந்த நேரம் ஆகும்போது அவன் கையிலிருந்த போன் கவிழ்ந்து கிடந்தது. சின்னவள் என் மடிக்குக் கிட்டே நகர்ந்து வந்திருந்தாள்.

கதவு புடைத்தது, அமுங்கியது, மறுபடியும் புடைத்தது. யாரும் பேசவில்லை.

படம் முடிந்து லைட்டைப் போட்ட பிறகு சின்னவள் திரையைப் பார்க்கவில்லை. பட்டாசல் மூலையில் இருந்த அந்தச் சின்னக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அதற்குள் நெல் இல்லை, பழைய மிக்சியும் கொலுப்படிகளும்தான் கிடக்கின்றன. ஒரு பல்பும் போட்டாயிற்று.

"பெரியம்மா, அந்த ரூம்ல முன்னாடி யாரு இருந்தா?" என்றாள்.

நான் ஆச்சியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.